விலை விழாத ஊரும் சாணி விற்கும் கிரகமும்

பார்ஸ்னிப் விதை ஒன்று 20 காசு. கேரட்டுக்கு வெளிறிய பங்காளி மாதிரி ஒரு கிழங்கு அது. நான்கு நாள் பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் திரண்டுவிடும். பிடுங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். விடிந்தால் கிழங்குக்கு 35 காசு வீதம் கணக்கில் ஏறியிருக்கும். பத்துக் கிழங்கு போட்டாலும் 35தான். ஊரே கிழங்காகிப் போகும்படி பத்தாயிரம் போட்டாலும் 35தான். தரகு கிடையாது, எடைக்கழிவு கிடையாது, லாரி வாடகை கிடையாது, ‘இன்னிக்கு வரத்து ஜாஸ்தி, பார்த்துப் போட்டுக்குங்க’ கிடையாது. ஊர் மேயர் லூயிஸே ராத்திரியோடு ராத்திரியாக வந்து பெட்டியைக் காலி செய்து எடுத்துப் போகிறார். முப்பது சொச்சம் பேர் வாழும் ஊரில் அத்தனை கிழங்கையும் யார் தின்று தீர்க்கிறார்கள் என்று அந்த மனிதர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ரகசியம் காக்கத் தெரிந்த நிர்வாகி.

ஸ்டார்டியூ வேலி என்ற கணினி ஆட்டத்தின் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்த பிறகுதான், உழவுத் தொழிலில் இத்தனை காலமாக என்ன கோளாறு இருந்தது என்று எனக்கு விளங்கியது. விவசாயி இருந்ததுதான் கோளாறு. கடன் வாங்குகிறவன், மழைக்கு அண்ணாந்து பார்க்கிறவன், விலைக்குக் குனிந்து நிற்கிறவன் என்று ஓர் ஆள் நடுவில் இருந்துகொண்டு அந்த அழகான தொழிலின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தான். அவனை மட்டும் பக்குவமாக எடுத்துவிட்டு, பூவாளியையும் வைக்கோல் தொப்பியையும் மிச்சம் வைத்திருக்கிறார் எரிக் பரோன். நிரல், படம், இசை, கதை எல்லாவற்றையும் தனி ஆளாக நாலரை ஆண்டு உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டார். 4 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றிருக்கிறது. ஆசான் என்று அவர் கைகாட்டுவது 1996இல் ஜப்பானில் வந்த ஹார்வெஸ்ட் மூன் ஆட்டத்தை. அதைப் படைத்த யசுஹிரோ வாதா, கிராமத்திலிருந்து டோக்கியோவுக்கு வந்தவர். விட்டுவந்த ஊரை நினைத்துக்கொண்டே செய்தவர். ஏக்கத்தில் முளைத்த விதை என்பதால், பூச்சி அரிக்காமல் இன்றுவரை நன்றாக விளைகிறது.

ஸ்டார்டியூ வெளிவருவதற்கு ஆறு வாரம் முன்னால், அதே 2016 ஜனவரியில், மோனோமி பார்க் என்ற கலிபோர்னியா நிறுவனம் இன்னொரு பண்ணையை அரைகுறைப் பதிப்பாக விற்கத் தொடங்கியது. ஸ்லைம் ரான்ச்சர் என்று பெயர். முழுதாக முடித்து 2017 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். பூமியிலிருந்து ஆயிரம் ஒளியாண்டு தள்ளி ஒரு கிரகம். அங்கே ஆடுமாடு இல்லை; ஜெல்லி உருண்டை மாதிரி துள்ளிக் குதிக்கும் ஸ்லைம் என்ற உயிர்கள். அவற்றைப் பிடித்துப் பட்டியில் அடைத்து, தீனி போட்டு, அவை வெளியே தள்ளுகிற ப்ளார்ட் என்ற மணியைப் பொறுக்கி விற்பதுதான் தொழில். அது கழிவா, கனிமமா என்று நாகரிகம் கருதி யாரும் அழுத்திக் கேட்பதில்லை. பளபளவென்று வைரம் மாதிரி இருக்கும் சாணி. அதை அள்ளி விற்க ஆயிரம் ஒளியாண்டு கடந்து வந்திருக்கிறாள் பியாட்ரிக்ஸ் லெபோ என்ற வீராங்கனை. வேலை தேடி வெளியூர் போகிறவர்களுக்கு இதைவிட ஊக்கம் தரும் உதாரணம் கிடைக்காது.

இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்தினால் நடுவர் நாற்காலியில் உட்காரும் தகுதி எனக்கு உண்டு. இரண்டு பண்ணையிலும் போதுமான அளவு தூக்கம் கெட்டவன் நான். அந்தத் தகுதியில் முதல் அணியிலிருந்து தொடங்குகிறேன்.

கதையின் திருப்பம் ஓர் அலுவலகத்தில். ஜோஜா கார்ப்பரேஷன். வரிசை வரிசையாகத் தடுப்பறைகள். ஒன்றில் மேஜை மேல் சாய்ந்தபடி ஓர் எலும்புக்கூடு. நீங்கள் இழுப்பறையைத் திறந்து, என்றோ செத்துப்போன தாத்தாவின் கடிதத்தைப் பிரிக்கிறீர்கள். நவீன வாழ்க்கை உன்னை நசுக்கும் நாளில் இதைப் படி, என் நிலத்துக்குப் போ என்கிறார் கிழவர். கண்ணில் நீர் வரும் இடம். உடனே வேலையை உதறிவிட்டு பஸ் ஏறிவிடுகிறீர்கள்.

ஏறிப் போய்ச் சேர்கிற இடத்தின் வேலை நேரம் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 2 மணிக்கு முடிகிறது. இருபது மணி நேரம். ஜோஜா கம்பெனிகூட இந்த நேரத்தைக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கும். வாரவிடுப்பு இல்லை. விடுப்பு எல்லாம் கடைக்காரர்களுக்குத்தான். விதைக்கடை பியர் புதன்கிழமை கடை திறக்க மாட்டார். ஆகவே, விதை வாங்க வேண்டும் என்ற ஞாபகம் புதன்கிழமை மட்டும்தான் வரும் என்பதை உழவர்கள் போகப் போகக் கற்றுக்கொள்கிறார்கள். மற்றபடி, உடம்பில் 270 அலகு தெம்பு. ஒவ்வொரு மண்வெட்டி வீச்சுக்கும் கொஞ்சம் கழியும். இரவு 2 மணிக்குப் படுக்கையில் இல்லாவிட்டால் நின்ற இடத்தில் விழுவீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிவந்து வீட்டில் போட்டுவிட்டு, கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை, 1000 காசுக்கு மிகாமல், எடுத்துக்கொள்வார். இயற்கையின் மடியில் மயங்கி விழ அபராதம் விதிக்கும் ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

ஆட்டத்தின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். ஆடியது பதிவாக வேண்டும் என்றால் அந்த நாள் முடிய வேண்டும், படுக்க வேண்டும். பாதி நாளில் எழுந்து போனால் பாதி நாள் போச்சு. இதில் ஒளிந்திருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். சோறு ஆறுகிறது என்று வீட்டில் கூப்பிடுகிறார்கள். ‘இதோ, தூங்க வெச்சுட்டு வர்றேன்’ என்கிறீர்கள். தூங்க வைக்கிறீர்கள். விடிகிறது. காலிஃபிளவர் விளைந்து நிற்கிறது. பன்னிரண்டு நாள் தண்ணீர் விட்ட காலிஃபிளவர். அதை மட்டும் பறித்துவிடலாம் என்று கை போகிறது. பறித்த இடம் காலியாக இருக்கிறதே என்று விதை. விதைத்தால் தண்ணீர். தண்ணீர் ஊற்றினால் பூவாளி காலி. குளத்துக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் கடிதம். இப்படி ஒரு மனிதனை 14 நிமிடத் தூண்டிலில் மாட்டி, இழுக்கிற வலியே தெரியாமல் விடியற்காலை வரை இழுத்துக்கொண்டு போகிற கருணையை நான் வேறு எந்தத் தொழிலிலும் கண்டதில்லை. அலுவலக மேலாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும். களைப்பாறுவதற்காக ஆடுகிறோம் என்று ஆடுபவர்களே சத்தியம் செய்கிறார்கள் என்பதுதான் இதில் உச்சம்.

மனித உறவுகளை ஒரு காலத்தில் மறந்திருந்தேன் என்றும் தாத்தா கடிதத்தில் வருந்தியிருந்தார் அல்லவா? அதையும் இந்த ஊர் விட்டுவைக்கவில்லை. அன்புக்கு இங்கே அளவுகோல் உண்டு. ஓர் இதயத்துக்கு 250 புள்ளி. ஒருவருக்கு வாரம் இரண்டு பரிசு வரை தரலாம். அதற்கு மேல் தந்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். விதைக்கடைக்காரர் மகள் அபிகெய்லுக்குச் செவ்வந்திக்கல் என்றால் உயிர். சுரங்கத்தில் குந்தாலியால் பாறையை உடைத்து ஒரு கல்லை எடுத்து வந்து, அழுக்குக் கையோடு அவள் எதிரில் நீட்ட வேண்டும். அந்தப் பெண் கல்லைப் பார்த்து, எனக்குப் பசிக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்கிற தோரணையில் பூரித்துப்போகிறாள். உங்கள் கணக்கில் 80 புள்ளி. இப்படி 25 கல் ஊட்டினால் 2000 புள்ளி, அதாவது எட்டு இதயம். பிறகு அவள் அப்பா கடையிலேயே 200 காசுக்குப் பூச்செண்டு வாங்கி அவளிடமே நீட்டலாம். பத்து இதயம் ஆனதும், மழை பெய்கிற நாளாகப் பார்த்துக் கடற்கரைக்குப் போனால் ஒரு கிழ மாலுமி நிற்பார். 5000 காசுக்குப் பதக்கம் தருவார். கல்யாணம். எதிர்பார்ப்பு, சந்தேகம், மனத்தாங்கல், மாமனார் முறைப்பு என்று மனிதர்கள் காலங்காலமாகப் பட்ட அவதியை இரண்டே இலக்கத்தில் தீர்த்துவைத்திருக்கிறார்கள். வெறும் நட்பாக இருக்கும்போது பேசாமல் இருந்தால் நாளொன்றுக்கு 2 புள்ளி குறையும். எவ்வளவு நியாயமான வட்டி!

ஒத்துவரவில்லை என்றாலும் கவலை இல்லை. மேயர் வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது. 50,000 காசு கட்டினால் விவாகரத்து. பிரிந்தவர் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனது கஷ்டமாக இருக்குமே? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். சூனியக்காரியின் குடிலில் ஒரு கறுப்புப் பீடம். அதில் 30,000 காசு வைத்தால் பழைய துணையின் நினைவிலிருந்து உங்கள் கல்யாணமே அழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து செவ்வந்திக்கல் கொடுக்கலாம். பிள்ளைகள் தொந்தரவு என்றால் பக்கத்திலேயே இன்னொரு பீடம். அவர்கள் புறாவாகிப் பறந்துவிடுவார்கள். நான் கட்டுக்கதை விடவில்லை. அன்பான, இதமான, குடும்பத்தோடு ஆடத்தக்க ஆட்டம் என்று ஊரே புகழும் அதே ஆட்டத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன். எந்தக் குடும்பம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இனி பண்ணையின் வளர்ச்சி. முதல் ஆண்டு பூவாளி. பிறகு இரும்பும் தங்கமும் சேர்த்துச் செய்த தெளிப்பான். சுற்றியுள்ள எட்டுக் கட்டத்துக்கு அதுவே தண்ணீர் தெளிக்கும். பிறகு கண்ணாடிக் குடில். உள்ளே 120 கட்டம், பருவம் கிடையாது. அதில் ஆதிப்பழம் என்று ஒன்று. முதல் முறை காய்க்க 28 நாள், அப்புறம் ஏழு நாளுக்கு ஒரு முறை வாழ்நாள் முழுக்கக் காய்க்கும். பழமாக விற்றால் 550. பீப்பாயில் ஊற்றி மதுவாக்கினால் 1650. குடில் முழுக்க அதையே நட்டு, கொட்டகை கொட்டகையாகப் பீப்பாய் அடுக்கியவருக்கு வாரம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். முப்பது சொச்சம் பேர் ஊருக்கு வாரம் நூற்றுக்கும் மேற்பட்ட பீப்பாய் மது. லூயிஸ் வழக்கம்போல எடுத்துப் போகிறார், வழக்கம்போல வாய் திறப்பதில்லை.

ஜோஜாவின் தடுப்பறையிலிருந்து தப்பி வந்த பேரப்பிள்ளை, மூன்றாம் ஆண்டில் ஒரே ரகம் பயிரிட்டு, ஒரே அளவுக் கொட்டகை கட்டி, வரிசை வரிசையாகப் பீப்பாய் அடுக்கி, நடுவில் ஓர் ஆள் நடக்க மட்டும் சந்து விட்டு வைத்திருக்கும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். அந்தத் தடுப்பறை வரிசையும் இந்தப் பீப்பாய் வரிசையும் அச்சு அசலாக ஒன்று போலவே இருப்பது தற்செயலாகத்தான் இருக்கும். எலும்புக்கூடு மட்டும் குறைகிறது. அதற்குத்தான் விளையாடுபவர் இருக்கிறாரே.

நல்லவேளையாக, ஜோஜாவை எதிர்க்கலாமா, ஆதரிக்கலாமா என்று கொள்கை முடிவெடுக்கும் சுதந்திரமும் கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பவர் ஊர்ப் பொதுக்கூடத்தைப் புதுப்பிக்க, காட்டுக்குட்டிச் சாத்தான்கள் கேட்கும் காய், கனி, மீன், கனிமம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்ட வேண்டும். ஆதரிப்பவர் 5000 காசு கட்டி உறுப்பினராகி, மேலும் 1,35,000 கட்டினால் போதும். எதிர்த்தாலும் பஸ் ஓடும், குடில் கிடைக்கும், சுரங்க ரயில் ஓடும். ஆதரித்தாலும் அதே பஸ், அதே குடில், அதே ரயில். எந்தக் கொள்கையைத் தேர்ந்தெடுத்தாலும் வாசல் வரை ஒரே வசதி வந்து சேர்கிற அரசியல் முதிர்ச்சிக்கு நாமெல்லாம் பழக்கப்பட்டவர்கள்தானே.

இந்த ஆட்டத்தில் தேடல் உண்டு என்று விமர்சகர்கள் சிலாகிப்பார்கள். உண்மைதான். ஊருக்கு வடக்கே சுரங்கம், 120 அடுக்கு. அறியாத ஆழம், இருட்டு, ஆபத்து. ஏன் இறங்குகிறோம்? தாமிரம் வேண்டும், இரும்பு வேண்டும், தங்கம் வேண்டும். எதற்கு? தெளிப்பான் செய்ய. எதற்கு? தண்ணீர் ஊற்றாமல் இருக்க. தண்ணீர் ஊற்றுவதற்காகத்தானே பட்டணத்தை விட்டு வந்தோம்? அது வேறு. அடிபட்டு விழுந்தால் சில பொருளும் கொஞ்சம் காசும் காணாமல் போகும். பிறகு சாகசக்காரர் சங்கத்தின் மார்லன், தொலைந்ததில் ஒரே ஒரு பொருளை மீட்டுத் தருவார், உங்களுக்கே விலைக்கு. ஐந்து அடுக்குக்கு ஒரு முறை மின்தூக்கி நிற்கும். அலுவலகக் கட்டடத்தில் பழகியவர்களுக்கு அந்நிய உணர்வு வராதிருக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

சுரங்கத்தில் முதலில் எதிர்ப்படுவது பச்சை நிறத்தில் துள்ளி வரும் ஒரு ஜெல்லி உருண்டை. வாளால் நாலு போடு போட்டால் சிதறிவிடும். ஸ்லைம். ஆம், நம் இரண்டாவது ஆட்டத்தின் கதாநாயகன். ஒரு பண்ணையில் அடித்துக் கொல்லப்படும் உயிர் இன்னொரு பண்ணையில் செல்லப்பிள்ளை. அதன் செல்வாக்கை இனிப் பார்ப்போம்.

ஸ்லைம் ரான்ச்சரில் வாள் கிடையாது, மண்வெட்டி கிடையாது. முதுகோடு ஒரு உறிஞ்சுகுழாய். நீட்டி இழுத்தால் ஸ்லைம், கோழி, கேரட், பழம் எது எதிரில் இருந்தாலும் சர்ரென்று உள்ளே போகும்; திருப்பி அழுத்தினால் வெளியே பாயும். தொட்டியில் நான்கு அறை, ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் 20. உயிருள்ளதும் காயும் ஒரே குழாயில், ஒரே கணக்கில். வளர்ப்பவனுக்கும் வளர்க்கப்படுவதற்கும் நடுவே கை படாத இந்தத் தூய்மை, கால்நடை வளர்ப்பின் வரலாற்றிலேயே புதிது.

பிடித்தவற்றைப் பட்டியில் விடுகிறோம். பட்டி என்றால் நான்கு பக்கமும் மின்சுவர். சுவரைத் தாண்டிக் குதிக்கின்றனவா? உயரச் சுவர் வாங்கலாம். உயரச் சுவரையும் தாண்டுகின்றனவா? மேலே வலை வாங்கலாம். வெயில் பட்டால் மறைந்துபோகும் பாஸ்பர் ஸ்லைமுக்கு நிழற்கூரை வாங்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் பசியில் கொதிக்கின்றனவா? பாட்டுப்பெட்டி வாங்கலாம். சங்கீதம் கேட்டால் அவற்றின் கொந்தளிப்பு தணியும். தீனி போடச் சோம்பலாக இருந்தால் தானே தீனி போடும் எந்திரம், ப்ளார்ட் பொறுக்கச் சோம்பலாக இருந்தால் தானே பொறுக்கும் எந்திரம். சுவர், வலை, இசை, நேரத்துக்குச் சாப்பாடு. அந்த உருண்டைகள் இருபத்துநான்கு மணி நேரமும் சிரித்த முகமாகவே இருக்கின்றன. அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். இவ்வளவு திருப்தியான தொழிலாளர்களை நான் எந்த வளாகத்திலும் பார்த்ததில்லை; பாட்டுப்பெட்டி வைத்த வளாகங்களில்கூட.

ஆனால் முதல் ஆட்டத்துக்கு இல்லாத ஒரு பெருந்தன்மை இதற்கு உண்டு. சந்தையை மறைக்கவில்லை. ப்ளார்ட் விற்கும் இடத்தில் விலைப்பலகை தொங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. ஒரே ரகத்தைக் கொண்டுவந்து கொட்டினால் அதன் விலை சரியும். தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் உழவு பற்றி ஓர் உண்மை கிடைத்துவிட்டது என்று தோன்றும். பதற வேண்டாம். இங்கே கொட்டவும் வேண்டாம், அழவும் வேண்டாம். ப்ளார்ட் அழுகாது. சேமிப்புக் கிடங்கில் போட்டுவைத்துவிட்டு வேறு ரகத்தை விற்கலாம். சில நாளில் பழைய விலை தானாக ஏறி வந்து நிற்கும். விலை விழுவதின் விறுவிறுப்பு மட்டும் நமக்கு, விழுந்ததின் வலி யாருக்கும் இல்லை. இந்த ஏற்பாட்டைக் கமாடிட்டி வியாபாரிகள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்களும் இதையேதான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வருமானத்தை இரட்டிப்பாக்க ஒரு வழி. ஒரு ரக ஸ்லைம் இன்னொரு ரகத்தின் ப்ளார்ட்டைத் தின்றால் இரண்டும் கலந்த பெரிய உருண்டையாகிவிடும். லார்கோ என்று பெயர். ஒரு வேளைத் தீனிக்கு இரண்டு ரக ப்ளார்ட். ஓர் ஆளுக்கு இரண்டு ஆள் வேலை என்று சொன்னால் கொடுமையாகத் தெரியும். லார்கோ என்றால் தெரியாது. ஆனால் அது மூன்றாவது ரக ப்ளார்ட்டைத் தின்றுவிட்டால்? கறுத்து, வாய் பிளந்து, டார் என்ற பூதமாகிவிடும். பக்கத்திலிருக்கும் ஸ்லைம்களைத் தின்னும். தின்னத் தின்னப் பெருகும்.

தேடல் என்ற சமாசாரம் இங்கேதான் வருகிறது. பண்ணைக்கு வெளியே பாறைக்கரை, பாசிக்காடு, நீலச்சுரங்கம், பாழடைந்த கோயில் போன்ற இடிபாடு, எல்லாம் தாண்டிக் கண்ணாடிப் பாலைவனம். வண்ணத்தைச் சொல்ல முடியாது, அவ்வளவு அழகு. வழியில் கோர்டோ என்று மலை மாதிரி உட்கார்ந்திருக்கும் ராட்சச ஸ்லைம்கள். வெடிக்கிற வரை ஊட்ட வேண்டும். வயிறு புடைக்கப் புடைக்கச் சிரித்துக்கொண்டே வாங்கி, ஒரு கணத்தில் படார். உள்ளிருந்து குட்டிகளும் பெட்டிகளும், சிலவற்றிலிருந்து அடுத்த நிலத்தின் சாவியும் சிதறும். விருந்தோம்பலின் எல்லை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடிப் பாலைவனத்தில் புது ரக ஸ்லைம் ஒன்றைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். மனம் எங்கே இருக்கும்? பட்டியில். மூன்றாம் பட்டிக்குத் தீனி போட்டோமா? பசி வந்தால் குதிக்கும். குதித்தால் பக்கத்துப் பட்டி ப்ளார்ட்டைத் தின்னும். ஏற்கெனவே லார்கோவாக இருப்பது தின்றால் டார். ஓடி வந்து பார்த்தால், காலையில் இருபது சிரித்த முகங்கள் இருந்த இடத்தில் ஏழு கறுப்பு வாய்கள். தண்ணீரைப் பீய்ச்சி ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும். வரும் வழியில் ஸ்லைம் கடலில் கால் தவறியிருந்தால் தொட்டியில் சேர்த்ததும் போச்சு. அந்நிய கிரகத்தின் சூரிய அஸ்தமனத்தை நின்று பார்க்கும்போது அடுப்பை அணைத்தோமா, மோட்டாரை நிறுத்தினோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்த உணர்வை, இவ்வளவு துல்லியமாக ஆயிரம் ஒளியாண்டு தூரத்துக்குக் கடத்திச் சென்றவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? முதல் ஆட்டத்தில் நள்ளிரவு 2 மணி இழுக்கிறது; இதில் பட்டி இழுக்கிறது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ, இருட்டுவதற்குள் வா என்று வயசுப்பிள்ளைக்குச் சொல்கிற வீட்டுப் பெரியவர்களின் பாசம் இரண்டிலும் வஞ்சனையில்லாமல் இருக்கிறது.

இந்தச் சிரித்த முகங்களின் பண்ணையில் எரியூட்டி ஒன்றும் கட்டிக்கொள்ளலாம். மிஞ்சிய கோழி, மிஞ்சிய காய், மிஞ்சிய ஸ்லைம், எதையும் உள்ளே ஊதலாம். சாம்பலும் வீணாவதில்லை, தொட்டி வைத்துப் பிடித்தால் நெருப்பு ஸ்லைமுக்கு அதுவே தீனி. எதுவும் வீணாகாத பண்ணை. இதற்குமேல் விளக்கினால் குழந்தைகள் ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்வதாகிவிடும்.

காதல் விஷயத்தில் மட்டும் ஸ்லைம் ரான்ச்சர் பின்தங்கிவிட்டது என்பதை நடுவராக ஒப்புக்கொள்கிறேன். பூமியில் விட்டுவந்த கேசி என்ற ஒருவரிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. படிக்கலாம். ஒரு நேரத்தில் தொண்டை அடைக்கும். ஆனால் புள்ளி இல்லை, இதயக் கணக்கு இல்லை, கல்லைக் கொடுத்து ஏற்றிவிடவும் முடியாது. எட்டாத தூரத்தில் இருப்பவரின் வார்த்தை எட்டாத தூரத்திலேயே இருக்கிறது. ஆட்டத்தின் பொருளாதாரத்தோடு ஒட்டாத இந்த ஒரு பகுதியை எப்படி விட்டுவைத்தார்களோ. அடுத்த பதிப்பில் திருத்துவார்கள் என்று நினைத்தேன். 2022 செப்டம்பரில் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது.

தீர்ப்புச் சொல்லச் சொன்னால் தடுமாற்றம்தான். ஒன்று, சந்தையை ஒளித்துவைத்து உழவனைப் புனிதனாக்குகிறது. மற்றது, சந்தையைத் தூக்கிக் காட்டி உயிரை எந்திரமாக்குகிறது. எந்தப் பெருமை பெரிது? ஆகவே தீர்ப்பைத் தாத்தாவிடமே விட்டுவிடுகிறேன்.

ஆம், அவர் திரும்ப வருகிறார். ஸ்டார்டியூவில் மூன்றாம் ஆண்டு முதல் நாள், ஆவியாக. நவீன வாழ்க்கையில் நசுங்காதே, மனிதரையும் மண்ணையும் மறக்காதே என்று எழுதிவைத்துவிட்டுப் போன அதே கிழவர். பேரப்பிள்ளை எப்படி வாழ்ந்தது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார். மொத்தம் 21. அதில் 7 மதிப்பெண், அதாவது மூன்றில் ஒரு பங்கு, இதுவரை எத்தனை காசு சம்பாதித்தாய் என்பதற்கு. 50,000 தாண்டினால் ஒன்று, ஒரு லட்சத்துக்கு இன்னொன்று என்று ஏறி, பத்து லட்சத்தில் முழுதாக ஏழு. கல்யாணம் ஆகி, வீட்டையும் பெரிதாகக் கட்டியிருந்தால் ஒன்று. 12 எடுத்தால் அவர் நினைவுப் பீடத்தில் நான்கு மெழுகுவத்தியும் எரியும். மண் எப்படி இருக்கிறது என்று குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதற்கு மதிப்பெண் ஒதுக்கவில்லை. பெரியவருக்கு இடுப்பு வலி இருந்திருக்கலாம்.

குறைந்த மெழுகுவத்தி எரிந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. அந்தப் பீடத்தில் ஒரு வைரத்தை வைத்தால், அன்றிரவே தாத்தா மறுபடி எழுந்து வந்து மதிப்பெண்ணைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார். மறுகூட்டலுக்குக் கட்டணம் ஒரு வைரம். சுரங்கத்தில் 50ஆம் அடுக்குக்குக் கீழே கிடைக்கும், புதன்கிழமையும் திறந்திருக்கும்.